பல் பட்ட ரொட்டி

ஆணியில் ரொட்டி இல்லை.

மாமியார் வீட்டு வாசலில் குனிந்து பூட்ஸைக் கழற்றும்போதுதான் துரார் அதைக் கவனித்தான். கதவுக்குப் பக்கத்துச் சுவரில், ஏழு மாதமாக வெள்ளை நூலில் தொங்கிக்கொண்டிருந்த வட்ட ரொட்டி அது. அடுப்புப் புகை படிந்து சுவர் பழுப்பேறியிருந்தது. ரொட்டி தொங்கிய இடம் மட்டும் வெளுப்பாக, வட்டமாகத் தெரிந்தது. நூலும் இல்லை.

அந்தக் கரையில் எந்த வீட்டிலும் இது உண்டு. பட்டாளத்துக்குப் போகிறவனோ, நாலு நாள் கடலுக்குப் போகிறவனோ, கிளம்பும்போது ரொட்டியில் ஒரு கடி கடித்துவிட்டுப் போவான். மிச்சத்தை வீட்டில் தொங்கவிடுவார்கள். அதைத் தின்று முடிக்க அவன் திரும்பி வந்தாக வேண்டும். வேறு யாரும் அதில் வாய் வைக்கக் கூடாது. பசியில் சாகிறவன்கூட வைக்க மாட்டான்.

இந்த ரொட்டியில் கடி வைத்துவிட்டுப் போனவன் கோஷான். பிபிசாராவின் ஒரே மகன், துராரின் மச்சான். போன அக்டோபரில் இருவரும் ஒரே படகில் போனார்கள். துரார் மட்டும் திரும்பி வந்தான்.

"வாங்க மாப்ளே. வாசல்லயே நின்னா எப்படி?"

பிபிசாரா பள்ளிக்கூடத்தில் சமைப்பவள். முன்னூறு பிள்ளைகளுக்குக் குண்டான் தூக்கித் தூக்கி ஆண்பிள்ளைக் கைகள் ஆகிவிட்டன. மகன் போன பிறகும் ஒரு நாள் லீவு போட்டதில்லை. அழுது யாரும் பார்த்ததில்லை. துராருக்கு அதுதான் பயம். அழுகிற பொம்பளையைச் சமாளித்துவிடலாம்.

"இல்லத்தே, வெயில் ஏறுறதுக்குள்ள கிளம்பணும். நாயை மட்டும் அவுத்து விடுங்க, கூட்டிட்டுப் போறேன்."

"நாயையா? ஏழு மாசமா உங்களைக் கண்டா பல்லைக் காட்டுது. இன்னைக்கு என்ன திடீர்னு பாசம்?"

"கட்டியே கெடக்கு, பாவம். வடக்குக் கரையில முயல் ஓடுதாம். கொஞ்சம் காலாற ஓடிட்டு வரட்டும்."

"வடக்குக் கரையா," என்றாள் பிபிசாரா. "அதுவும் அந்தத் திசையைப் பாத்துத்தான் உக்காந்திருக்கு. தெனமும்." பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். "கிளம்பும்போது எம் மக ரொட்டி குடுத்தாளா?"

"அக்மரால் கேட்டு வரைக்கும் தூக்கிட்டு ஓடியாந்தா. வந்து திங்கிறேன்னுட்டு வந்துட்டேன்."

"கடிக்கலயா?"

"நேரமாச்சுத்தே."

"அப்ப சரி," என்றாள். அந்த 'அப்ப சரி' ஏன் அவ்வளவு நிம்மதியாக வந்தது என்று அவனுக்குப் புரியவில்லை. "இங்கயாச்சும் வாய் நனைங்க. ரெண்டு வீட்டு ரொட்டியையும் தொடாம மாப்ள கடலுக்குப் போனான்னா ஊர் என்னைத்தான் காறித் துப்பும்."

மாமியார் வீட்டு ரொட்டியை வேண்டாம் என்று சொன்ன மருமகன் அந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை. துரார் உட்கார்ந்தான். அவள் பெரிய கிண்ணத்தில் கொதிக்கக் கொதிக்கப் பால் தேநீர் கொண்டுவந்தாள். ரொட்டியை ஏற்கெனவே பிய்த்து உள்ளே போட்டிருந்தாள். துண்டுகள் ஊறி உப்பி மிதந்தன.

"மெல்ல வேண்டாம். அப்படியே முழுங்குங்க."

முழுங்கினான். வெண்ணெய் வாசனைக்கு அடியில் வேறு ஒரு ருசி இருந்தது. புகை. தூசு. துரு. துண்டு தொண்டையில் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் இறங்கியது. அவள் எதிரில் கை கட்டி நின்று கடைசித் துண்டு வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முழுங்கிட்டீங்களா? வாயைக் காட்டுங்க."

"என்னத்தே, பள்ளிக்கூடத்துப் பிள்ளையாட்டம்!"

"காட்டுங்க மாப்ளே."

சிரித்துக்கொண்டே வாயைத் திறந்து காட்டினான். சந்தையில் ஆட்டுக்குப் பல் பார்க்கிறவளைப் போல அவள் குனிந்து, நிதானமாகப் பார்த்தாள். திருப்தியாகத் தலையாட்டினாள்.

"ஆணியில இருந்த ரொட்டி எங்கத்தே?"

"இறக்கிட்டேன். எத்தனை நாளைக்குத்தான் தொங்க விடறது?"

அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. நெஞ்சில் கிடந்த கல் புரண்டு விழுந்தது. குளிர்காலத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் சேர்ந்து வந்து, மகனுக்குத் தொழுகை வைத்து ஊருக்குச் சோறு போட்டு முடித்துவிடு என்று கெஞ்சினார்கள். அன்று இவள் அந்த ரொட்டியை இறக்கி அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பாருங்கடி, பூஞ்சை இருக்கா? தண்ணியில போனவன் ரொட்டி பூஞ்சை பிடிக்கும். எம் பிள்ளை ரொட்டி கல்லாக் காயுது. அவன் எங்கயோ நா வறண்டு கெடக்கான்." அப்போது அடுத்த அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த துராருக்குப் புரையேறிவிட்டது. இப்போது அவளே இறக்கிவிட்டாள் என்றால் நம்பிக்கை போய்விட்டது. இனி அழுவாள், சோறு போடுவாள், எல்லாம் முடிந்துவிடும்.

கிளம்பும்போது வெள்ளைத் துணியில் முடிந்த ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்தாள். "மிச்சம். ஒதுங்கற எடத்துல பிரிங்க."

கொட்டகையில் நாய் எழுந்து நின்றது. அக்தோஸ். ஒடுங்கிய இடுப்பும் நீண்ட முகமும் நெஞ்சில் வெள்ளைத் திட்டுமாக, முயலை ஓடிப் பிடிக்கிற சாதி. கோஷான் வளர்த்த நாய். துரார் சங்கிலியைத் தயங்கித் தயங்கித்தான் அவிழ்த்தான். அது உறுமவில்லை. முன்னங்கால்களை அவன் நெஞ்சில் வைத்து ஏறி, அவன் வாயை முகர்ந்தது. முகர்ந்துகொண்டே இருந்தது. பிறகு அவன் உதடுகளை நக்கியது. வால் ஆடியது.

கையால் வாயைத் துடைத்துக்கொண்டான். மாமியார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

படகுத்துறையில் டீசல் விற்கிற ஜல்காஸ் கிழவன் பல்லில்லாத வாயால் சிரித்தான். "என்னப்பா துரார், பொண்டாட்டி துரத்திட்டாளா? நாயோட குடித்தனம் பண்ணப் போறியா?"

"உன்னோட பண்றதுக்கு இது தேவலை."

"போ போ. அந்தப் பக்கம் திங்கக்கிழமை ஆளுங்க வர்றாங்க. உள்ளங்கைக் குடாவுல கூடாரம் போட்டு நகரத்துக்காரங்களுக்கு வாடகைக்கு விடப்போறாங்களாம். வெறும் சுண்ணாம்புக் கல்லைப் பாக்க வர்றானுங்க, என்னத்தச் சொல்ல!"

துரார் மோட்டார்க் கயிற்றை இழுத்தான். மூன்றாவது இழுப்பில்தான் அது எப்போதும் கிளம்பும். கிளம்பியது.

திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். அதற்காகத்தான் இந்தப் பயணம். முயலாவது, மண்ணாங்கட்டியாவது.

கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடந்தது. நாய் முன்முனையில் நின்று வடக்கே பார்த்தது. அதன் விலா எலும்புகளைப் பார்த்துக்கொண்டே சுக்கானைப் பிடித்திருந்த துராருக்கு, வேண்டாம் வேண்டாம் என்று தள்ளத் தள்ள அந்த அக்டோபர் நினைவுக்கு வந்தது.

பிடிக்கக் கூடாத மீனைப் பிடித்துக்கொண்டு உள்ளங்கைக் குடாவில் ஒதுங்கியிருந்தார்கள். மூன்று பக்கமும் செங்குத்தான வெள்ளைப் பாறை; ஏறப் பிடிமானம் கிடையாது. நாலாவது பக்கம் ஒரு படகு நுழையும் வாய். எந்தக் காற்றும் உள்ளே வராது. ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடமில்லை. கோஷான் கரையில் வலையை மறைக்கும்போது கல் புரண்டு கணுக்கால் பிசகி உட்கார்ந்துவிட்டான். அதே நேரம் வெளியே ரோந்துப் படகின் சத்தம். "மச்சான், கை குடு, ஏத்திக்க," என்று அவன் கையை நீட்டினான். ஏற்றிக்கொள்ள நேரம் இருந்ததா? இருந்தது. எண்ணிப் பார்த்தால் தாராளமாக இருந்தது. துரார் படகைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டான். முதலில் விளையாட்டு என்று நினைத்து கோஷான் சிரித்தான். "டேய், வெளையாடாதடா!" பிறகு விசிலடித்தான். முன்பல் ஒன்று பாதி உடைந்தவன்; விசிலோடு சேர்ந்து காற்று புஸ்ஸென்று கசியும். அதற்கப்புறம் கத்தினான். துரார் திரும்பிப் பார்க்கவில்லை.

இரவோடு இரவாகப் புயல். கரையில் ஆட்கள் கேட்டபோது, எங்கே விட்டேன் என்று சொன்னால் மீனையும் சொல்ல வேண்டும், ஜெயிலுக்கும் போக வேண்டும் என்று பயந்து, அவனை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று வாய் தானாகச் சொன்னது. மூன்றாம் நாள் புயல் விட்டது. போயிருக்கலாம். குடாவில் அவனிடம் ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன் இருந்தது. மூன்றாம் நாள் கண்டிப்பாக உயிரோடுதான் இருந்திருப்பான். ஆனால் அதற்குள் மாமியார் முன்னால் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாகிவிட்டது. உயிரோடு கொண்டுவந்தால் அவன் பேசுவான். அதனால் துரார் வீட்டிலேயே படுத்துக்கொண்டு நாள் எண்ணினான். இன்று இரண்டு லிட்டர் மிச்சமிருக்கும். இன்று ஒன்று. இன்று கேனைக் கவிழ்த்து நாக்கை நீட்டியிருப்பான். பத்தாம் நாள் எழுந்து குளித்து, முகம் மழித்து, வேலைக்குப் போனான்.

இப்படிப்பட்டவனும் அந்த ஊரில் நல்ல மருமகன் என்றுதான் பெயர் வாங்கியிருந்தான்.

அந்தக் கேன் துராருடையது. பக்கவாட்டில் சிவப்புப் பெயின்டில் அவன் பெயர் இருந்தது. கூடாரம் போட வருகிறவர்கள் எலும்பைக் காண்பார்கள், பக்கத்தில் கேனையும் காண்பார்கள். அப்புறம் ஊரே காணும். ஆகவே இரண்டையும் இன்றைக்கே எடுத்து ஆழக்கடலில் போட்டுவிட வேண்டும். பாறையில் நூறு பொந்து உண்டு. எதில் போய் ஒண்டிச் செத்தானோ. நாய் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்த பிறகு நாய்க்கும் வேலையில்லை, வாசனை பிடித்த நாய் மறுபடி வரும். படகில் ஒரு சாக்கு, ஒரு கயிறு, ஒரு கல் இருந்தன. பாம்பு கடித்துவிட்டது என்று மாமியாரிடம் சொல்லிவிடலாம்.

தாகமாக இருந்தது. புறப்பட்டதிலிருந்தே தாகம். பத்து லிட்டர் கேனிலிருந்து குடித்தான். இறங்கினதுமே தொண்டை மறுபடி காய்ந்தது. பாதித் தூரம் போவதற்குள் கேன் பாதியாகிவிட்டது. அந்த ரொட்டியில் உப்பு அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

குடாவின் வாய்க்குள் நுழைந்ததும் காற்று நின்றது. கதவைச் சாத்தினாற்போல் நின்றது. வெளியே கேட்டுக்கொண்டிருந்த கடல்காகங்கள் உள்ளே இல்லை. உச்சி வெயில் வெள்ளைப் பாறையில் பட்டு மூன்று பக்கமிருந்தும் முகத்தில் அடித்தது. நிழல் என்று ஒன்று பொந்துகளுக்குள் மட்டும்தான், கறுப்பாக, வரிசையாக இருந்தது. ஜுசான் புதரின் கசப்பு வாடையோடு, வெந்த சிப்பிகளின் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறியது. மோட்டாரை நிறுத்தினான். அதன் சத்தம் பாறைகளில் முட்டி முட்டி, நிறுத்தின பிறகும் சற்று நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. ஊசி விழுந்தால் கேட்கும்.

நாய் தண்ணீரில் குதித்தது. நீந்திக் கரையேறி, உடம்பைக்கூட உதறாமல் நேரே ஓடியது. தேடவில்லை. முகரவில்லை. தெரிந்த வீட்டுக்குப் போவதுபோல் இடதுபக்கம் மூன்றாவது பொந்துக்குள் போனது.

படகின் மூக்கைச் சரளையில் ஏற்றிவிட்டு, சாக்கை எடுத்துக்கொண்டு துரார் பின்னால் போனான். காலடியில் சிப்பி நொறுங்கியது. நின்றான். நொறுங்கும் சத்தம் இன்னும் ஒரு முறை கேட்டது. எதிரொலி, என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டான். எதிரொலி என்ற சொல் மட்டும் எதிரொலிக்கவில்லை.

பொந்தின் வாசலில் ரப்பர் பூட்ஸ் இரண்டு.

கோஷானுடையவைதான்; வலது காலில் சைக்கிள் ட்யூப் வைத்து ஒட்டியது துராரேதான். வீட்டுக்குள் போகிறவன் வாசலில் கழற்றி வைப்பதுபோல, பக்கத்தில் பக்கத்தில், முனை உள்ளே பார்க்க, ஒழுங்காக வைத்திருந்தது. ஏழு மாத வெயில், மழை, பனி. ஆனாலும் ஒழுங்காக. உள்ளே நாய் உட்கார்ந்திருந்தது. அதற்கு முன்னால் தரையில் கேன். சிவப்பு எழுத்தில் துரார். மூடி திருகியிருந்தது. எலும்பு இல்லை. ஒரு பல்கூட, ஒரு கந்தல்கூட இல்லை.

நாய் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி, ஓர் ஆள் உட்கார்ந்தால் முகம் இருக்கும் உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வால் தரையில் அடித்தது. டப். டப். டப். காதுகள் பின்னால் மடங்கின, யாரோ தடவிக் கொடுப்பதுபோல.

"அக்தோஸ். வா."

வரவில்லை.

"வாடா, சனியனே!"

உள்ளே போய்க் கழுத்தைப் பிடித்து இழுக்க வேண்டியதுதான். ஒரு எட்டு. அந்த ஒரு எட்டை வைக்க அவன் கால் மறுத்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், வேறொன்றுமில்லை. வெயில். தாகம். ரொட்டியைக் காட்டினால் நாய் வந்துவிடும். ஆமாம், மாமியார் கொடுத்த ரொட்டி இருக்கிறதே. படகுக்குத் திரும்பினான். நடக்கும்போது ஓடக்கூடாது என்று தன்னிடம் சொல்லிக்கொண்டே நடந்தான்.

முதலில் தண்ணீர் குடித்தான். சட்டையெல்லாம் நனைய நனையக் குடித்தான். தாகம் அடங்கவில்லை. பிறகு பொட்டலத்தை மடியில் வைத்து முடிச்சை அவிழ்த்தான்.

காய்ந்து கல்லான ரொட்டி. கால்வாசி. பழுப்பு மேலோடு. ஓரத்தில் அறுந்த வெள்ளை நூல் இன்னும் ஒட்டியிருந்தது.

அதற்குப் பக்கத்தில் ஒரு கடி. அரை வட்டமாக, அச்சு எடுத்ததுபோல் பற்களின் தடம். நடுவில் ஒரு பல் இருக்க வேண்டிய இடத்தில் பாதி பல்லின் தடம்.

துரார் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மெல்ல வேண்டாம், அப்படியே முழுங்குங்க. வாயைக் காட்டுங்க மாப்ளே. தேநீரில் ஊறியது எந்த ரொட்டி என்று இப்போது நாக்குக்குத் தெரிந்தது. புகை. தூசு. ஆணியின் துரு. ஏழு மாதம் தன் ஆளுக்காகக் காத்திருந்த ரொட்டியில் முக்கால்வாசி இப்போது அவன் வயிற்றில் இருந்தது.

தொண்டைக்குள் விரலை விட்டான். எதுவும் வரவில்லை. ஓங்கரிப்புதான் வந்தது, அது பாறைகளில் பட்டு நாலு பேர் ஓங்கரிப்பதுபோல் கேட்டது.

அக்மரால் கேட்டருகே ரொட்டியோடு நின்றது நினைவுக்கு வந்தது. மாவு ஒட்டிய கை. "ஒரே ஒரு கடிதான், கடிச்சிட்டுப் போங்க." வந்து திங்கிறேன் என்றான். அவன் பல் பட்ட ரொட்டி அவன் வீட்டில் இல்லை. எந்த வீட்டிலும் இல்லை. கோஷானுக்கு வீட்டில் ரொட்டி இருந்தது. அதன் மிச்சத்தைத் தானே சுமந்து அவன் இருக்கிற இடத்துக்கே கொண்டுவந்து சேர்த்தாகிவிட்டது.

கடலில் எறிந்துவிடலாம். கையை ஓங்கினான். கை அப்படியே நின்றது. ரொட்டியை எறிகிறவன் கை விளங்காது. ரொட்டியைக் காலடியில் போடுகிறவன் குடும்பம் விளங்காது. கூடப்பிறந்தவனைப் போலப் பழகினவனைத் தாகத்தில் சாகவிட்டவனுக்கு ஒரு ரொட்டித் துண்டை எறியக் கை வரவில்லை. அதுதான் மனுஷன் புத்தி. உதட்டில் வைத்து, நெற்றியில் ஒற்றிக்கொண்டு, துணியில் திரும்ப முடிந்து, படகின் பலகை மேல் உயரமான இடத்தில் பத்திரமாக வைத்தான்.

போய்விட வேண்டும். நாய் எக்கேடோ கெட்டுப் போகட்டும். ஆனால் கேன்? அவன் பெயரோடு, வாசலில் பூட்ஸோடு, திங்கட்கிழமை வருகிறவர்களுக்காக உட்கார்ந்திருக்கிற கேன். அதை விட்டுவிட்டுப் போனால் வந்ததற்கு அர்த்தமே இல்லை. ஓடிப்போய் எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிடலாம். இருபது எட்டு. சின்னப் பிள்ளைகூட ஓடிவிடும்.

ஓடினான்.

பூட்ஸ் அங்கேயே இருந்தன. அதே இடம். பக்கத்தில் பக்கத்தில்.

முனைகள் வெளியே பார்த்திருந்தன. கடலைப் பார்த்து. கிளம்புகிறவன் காலை நுழைக்கத் தோதாக.

நாய் திருப்பியிருக்கும் என்று நினைத்தான். நாய்தான். நாய் உள்ளே இல்லை. கேன் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு உள்ளே கையை விட்டு, பிடியைத் தடவி எடுத்தான். உள்ளே குளிர்ந்திருந்தது. வெளியே அவ்வளவு வெயில், உள்ளே அவ்வளவு குளிர். கேன் காலி. குலுக்கினான். ஒரு சொட்டு இல்லை. கண்ணைத் திறந்து திரும்பினான்.

வாசலில் பூட்ஸ் இல்லை.

சரளையில் சிப்பி நொறுங்கியது. அவன் நிற்கிறான். அவன் கால் அசையவில்லை. நொறுங்கியது. ஒரு கால் அழுத்தமாக, ஒரு கால் இழுத்து. கணுக்கால் பிசகினவன் நடை. படகை நோக்கி.

விசில்.

பல்லிடுக்கில் புஸ்ஸென்று கசிகிற விசில். அதற்கு நாய் குரைத்தது. ஏழு மாதமாக அந்த நாய் குரைக்காத குரைப்பு அது. சந்தோஷத்தில் தொண்டை உடைந்து, அழுவதுபோல்.

துரார் பாய்ந்தான். மூன்றாவது எட்டில் கல் புரண்டது. இடது கணுக்கால். மளுக்கென்ற சத்தம் அவனுக்கே கேட்டது. விழுந்தான். கேனை விடவில்லை.

மோட்டார்க் கயிறு. ஓர் இழுப்பு.

முழங்காலில் தவழ்ந்தான். சிப்பி கிழித்தது.

இரண்டாவது இழுப்பு.

"மச்சான்!" என்றான். குரல் வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது.

மூன்றாவது.

கிளம்பியது.

படகு பின்வாங்கி, திரும்பி, குடாவின் வாயைப் பார்த்தது. அது கிடந்த இடத்தில், சரளையின் மேல், கயிறும் கல்லும் இறக்கி வைக்கப்பட்டிருந்தன. கயிற்றை அழகாகச் சுருட்டி வைத்திருந்தது. பத்து லிட்டர் தண்ணீர்க் கேன் இல்லை. அது படகில் இருந்தது.

சுக்கானருகில் ஒன்று உட்கார்ந்திருந்தது. அவனுக்கு முதுகு காட்டி. பிபிசாரா பின்னிய சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, உப்புப் பூத்து விறைத்திருந்தது. அதற்குமேல் கழுத்து. கழுத்து என்று சொல்லலாம். வெயிலில் காயப்போட்ட மீனின் நிறம். படகு நகர்ந்தும் முடி ஆடவில்லை.

"மச்சான்! கை குடுடா! ஏத்திக்கடா!"

இப்போது குரல் வந்தது. மூன்று பாறைகளும் அதை வாங்கி அவனிடமே திருப்பித் தந்தன. ஏத்திக்கடா. ஏத்திக்கடா.

திரும்பிப் பார்க்கவில்லை.

நாய் ஒரு முறை பார்த்தது. யாரோ ஒருவனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, தலையைத் திருப்பி, அந்த மடியில் முகத்தை வைத்துக்கொண்டது.

படகு மெல்லத்தான் போனது. அவசரமே இல்லை. குடாவின் வாய்க்குச் சற்று முன்னால், சுக்கானைப் பிடிக்காத கை நீண்டு, பலகை மேலிருந்த வெள்ளைப் பொட்டலத்தை எடுத்தது. முடிச்சை அவிழ்த்தது. காய்ந்த ரொட்டி உடையும் சத்தம் தண்ணீரைத் தாண்டிக் கரை வரை தெளிவாகக் கேட்டது. மெல்லும் சத்தமும் கேட்டது. நிதானமாக, கடைசி வாய் வரை. பிறகு அது துணியைக் கடலில் உதறவில்லை. நல்ல வீட்டில் வளர்ந்த பிள்ளை போல, தூளை உள்ளங்கையில் கொட்டி, ஒரு துணுக்குச் சிந்தாமல் வாயில் போட்டுக்கொண்டது.

நாய் வாலை ஆட்டிக்கொண்டே இருந்தது.